பார்த்தவனுக்கும் பங்கு உண்டா?

இறந்தாரை இழித்துப் பேசலாகாது என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படும் மரியாதைகளுள் ஒன்று. துக்க வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மறைந்தவர் விட்டுச்சென்ற கடனைக் கணக்கிடுபவனை ஊர் மன்னிப்பதில்லை. அப்பண்பு நல்லதே. ஆயினும் இழித்துப் பேசாதிருப்பது வேறு. நமக்கு வசதியானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றெனவே கொண்டுவிடுகிறோம். அதனால் நேரும் பிழை ஒன்றனைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது, குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் மறைவையும், அதன்பின் உலகெங்கும் உள்ள அவருடைய இரசிகர்கள் அவரை நினைவுகூர்ந்த விதத்தையும் ஆகும்.

2016-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், தம் 74-ஆம் வயதில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அலி உயிர்நீத்தார். ஒரு வாரம் கழித்து, அவர் பிறந்த ஊராகிய லூயிவில் நகரில் இறுதிச் சடங்குகள் நிகழ்ந்தன. ஜூன் 9-ஆம் நாள் ஜனாஸா தொழுகை நடைபெற்ற ஃபிரீடம் ஹால் அரங்கு, 1960-இல் தம் முதல் தொழில்முறைப் போட்டியில் அவர் வென்ற இடமே. மறுநாள் ஊர்வலம் அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் வழியே சென்றது. வீதியின் இருமருங்கும் திரண்டு நின்ற மக்கள் அவர் பெயரை முழங்கி, ஊர்தியின்மேல் மலர்களை வீசினர். பெட்டியைச் சுமந்தோருள் மைக் டைசன், லெனாக்ஸ் லூயிஸ் ஆகிய முன்னாள் உலகப் பட்ட வீரர்களும் இருந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் இரங்கலுரை ஆற்றினார். மன்னன் ஒருவன் மறைந்தாலும் அதனினும் சிறப்பாக வழியனுப்பியிருக்க இயலாது.

இதே மனிதரை இதே நாடு அரை நூற்றாண்டுக்கு முன் எவ்வாறு நடத்தியது? அந்தக் கதை பலரும் அறிந்ததே, சுருங்கச் சொல்கிறேன். காசியஸ் கிளே என்ற பெயருடன் 1942-இல் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் மிதிவண்டி களவுபோக, அதைச் சொல்லி அழப்போன இடத்தில் ஜோ மார்ட்டின் என்னும் காவலரிடம் குத்துச்சண்டை கற்கத் தொடங்கியவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1964-இல் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து, 22 வயதிலேயே மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றவர். அதன்பின் இசுலாமைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டார். புதிய பெயரைப் பல செய்தித்தாள்கள் ஆண்டுக்கணக்கில் அச்சிட மறுத்தன. (பெயரின் அருமை நம்மனோர்க்குத் தெரியாததன்று. முன்னெழுத்தை விரித்துக் குடும்பப் பெயராக்கி, தந்தையின் பெயரால் நம்மை அழைக்கும் படிவங்களோடு வடக்கே வந்த நாள் முதல் போராடிக்கொண்டுதானே இருக்கிறோம்!) 1967 ஏப்ரல் 28-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையில், தம் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் முன்னடி வைக்க மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லை எனினும், மூன்றரை ஆண்டுகள் அவர் களமிறங்க இயலவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை; வீரனொருவனின் உடல் உச்சத்தில் இருக்கும் காலம் அது. 1971-இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றம் தண்டனையை ஒருமனதாக நீக்கியது. இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தரும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

நாட்டுத் துரோகி என்று ஏசப்பட்டவர் எப்போது நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார்? காலம் மாறியது, போரின் தவறு உணரப்பட்டது என்பர். அது உண்மையே. ஆனால் எனக்குத் தோன்றும் இன்னொரு காரணமும் உண்டு. 1984-இல் அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வாயாடி எனப் பெயரெடுத்தவரின் குரல் ஆண்டுதோறும் தேய்ந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், நடுங்கும் கையோடு அவர் சுடரேற்றியதை உலகமே கண்கலங்கிப் பார்த்தது. பள்ளி மாணவனாகத் தொலைக்காட்சியில் நான் முதன்முதல் கண்ட அலி அவரே. எதிர்த்துப் பேசியவரை வெறுத்த நாடு, பேச இயலாதவரை நேசித்தது. பேசாதவரை நேசிப்பது எளிது. அவர் வாயில் நாம் விரும்பும் சொற்களை நாமே வைக்கலாம். இறந்தாரை நேசிப்பது அதனினும் எளிது.

அவர் மறைந்த செய்தி இந்தியாவுக்கு ஒரு சனிக்கிழமை எட்டியது. திங்களன்று தில்லியில் எங்கள் அலுவலகப் பிரிவில் கோப்புகள் சற்றுநேரம் காத்திருந்தன. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பஞ்சாபி அதிகாரி கின்ஷாசா போட்டியை நேரில் கண்டவர்போல் விவரித்தார். வங்காள நண்பர் வியட்நாம் மறுப்பைப் பற்றிப் பேசினார். மலையாள நண்பருக்கு அவருடைய சொல்வன்மையே பெரிது. ஒருவர்க்கொருவர் சளைக்காமல் அள்ளி அள்ளிக் கொடுத்தனர். அந்த அரைமணி நேரத்தில் எவர் வாயிலிருந்தும் வராத பெயர் ஜோ பிரேசியர் என்பது. அது அவர்களின் குற்றமன்று. உலகின் இரங்கலுரைகளிலும் அப்பெயர் அலியின் புகழுக்கு ஒரு படிக்கல்லாகவே பெரிதும் வந்தது.

பிரேசியர் யார்? தென் கரோலினா மாநிலத்தில் ஏழை உழவர் குடியில் பிறந்து, பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து முன்னுக்கு வந்த கறுப்பினத்தவர். அலி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அவருக்கு மீண்டும் உரிமம் வழங்க வேண்டுமெனக் குரல் கொடுத்தவர். பணமும் கொடுத்து உதவியவர். 1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கில் அவரே அலியை முதன்முதலாகத் தோற்கடித்தார். அத்தகையவரை அலி என்ன சொன்னார்? வெள்ளையருக்கு ஏவல் செய்பவர் என்றார். அழகற்றவர், அறிவற்றவர் என்றார். 1975-இல் மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்றே அழைத்து, செய்தியாளர் முன் இரப்பர்ப் பொம்மைக் குரங்கைக் குத்திக் காட்டினார். கறுப்பினத்தவரைக் குரங்கென்று ஏசிய வாய்கள் எவை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? நிறவெறிக்கு எதிரான அடையாளமாக நாம் போற்றும் ஒருவர், அந்த வெறியின் கருவியையே எடுத்துத் தம் இனத்தவர்மீது வீசினார், அரங்குகள் சிரித்தன. சீட்டு விற்பனைக்காகச் சொன்னேன் என்று அவர் பின்னாளில் கூறினார். 2001-இல் செய்தித்தாள் வாயிலாக வருத்தமும் தெரிவித்தார். பிரேசியரின் புண் முழுதும் ஆறியதாகத் தெரியவில்லை.

1967 பிப்ரவரியில் எர்னி டெரெல் என்பவர் அவரைப் பழைய பெயரால் அழைத்ததற்காக, 'என் பெயர் என்ன?' என்று கேட்டுக் கேட்டு 15 சுற்றுகள் அடித்ததும் இவ்வகையே. தம் பெயரால் அழைக்கப்படும் உரிமை அவருடையது. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் கொடுமை செய்வது இனிக்கிறது. அந்த இனிப்பை அவர் மட்டுமா சுவைத்தார்?

மணிலாவில் 14 சுற்றுகள் முடிந்தபின், கண்கள் வீங்கி மூடிய பிரேசியரை மேலும் சண்டையிட அவருடைய பயிற்றுநர் எடி பச் விடவில்லை. இன்று நீ செய்ததை எவரும் மறக்கமாட்டார் என்று அவர் ஆறுதல் கூறினாராம். அவர் சொன்னது பலிக்கவில்லை. அதே பிலடெல்பியாவில், திரைப்படத்துக்காகக் கற்பனை செய்யப்பட்ட ராக்கி என்னும் குத்துச்சண்டை வீரனுக்கு எப்போதோ சிலை வந்துவிட்டது. உண்மையில் வாழ்ந்த பிரேசியருக்கு, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2015-இல்தான் சிலை எழுந்தது. 2011 நவம்பரில் அவர் மறைந்தபோது, நிற்கவும் பிறர் துணை வேண்டிய நிலையிலிருந்த அலி அந்த இறுதிச் சடங்குக்கு நேரில் சென்றார். இரசிகர்கள் மறக்க விரும்பியதை அவர் மறக்கவில்லை போலும்.

நிற்க. இதுவரை சொன்னது அலியின் கணக்கு. இனிச் சொல்லப்போவது நம் கணக்கு.

1974 அக்டோபர் 30-ஆம் நாள் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியது அலியின் வாழ்வில் தலையாய வெற்றி. கயிற்றில் சாய்ந்துகொண்டு எதிரியை அடிக்கவிட்டு, அவர் களைத்தபின் அடித்து வீழ்த்திய அந்த உத்தியைப் புகழாதவர் இல்லை. நானும் அப்பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கூட்டம் முழங்கிய 'அலி, பொமாயே' என்பதன் பொருள் 'அலி, அவனைக் கொல்' என்பது. அதைப் பொருளறியாமல் பாடலின் பல்லவிபோல் உலகம் இன்றும் சொல்லி மகிழ்கிறது. இன்னொன்று: அப்போட்டி அவ்வூர் நேரப்படி விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கியது. மணிலா போட்டி முற்பகலில், வெயில் ஏறும் வேளையில் நடந்தது. எதற்காக? அமெரிக்காவில் இருப்போர் மாலை நேரத்தில் வசதியாகப் பார்ப்பதற்காக. ஆகவே பார்ப்பவன் எங்கோ தொலைவில் சும்மா இருந்தான் என்று சொல்ல இயலாது. வீரர்கள் எந்த நேரத்தில் எந்த வெப்பத்தில் இரத்தம் சிந்த வேண்டும் என்பதை வகுத்தவனே அவன்தான்.

மணிலாவில் சாவுக்கு மிக அருகில் சென்று வந்ததாக அலியே சொன்னார். அப்போது அவருக்கு வயது 33. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்சுடன் 15 சுற்றுகள் போராடி வென்றபின், அவருடைய மருத்துவர் பெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் கெட்டுவருவதைக் காட்டும் ஆய்வறிக்கையை அனுப்பிவைத்துவிட்டு அவர் அணியிலிருந்து விலகினார். குத்துச்சண்டை மூளையைச் சிதைக்கும் என்பது புதிதாகக் கண்டறிந்ததுமன்று. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே, அதாவது அலி பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, அடிபட்டு அடிபட்டுத் தடுமாறும் வீரர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருந்தார். தலையில் விழும் குத்து மண்டையோட்டைச் சட்டெனத் திருப்ப, உள்ளே மூளை பின்தங்கித் திரும்புகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. கையுறை கையைக் காக்குமேயன்றி மூளையைக் காக்காது. அலியின் நோய்க்குக் குத்துகளே காரணம் என்று உறுதியாக முடிச்சிட இயலாது எனக் கருதும் மருத்துவர்களும் உண்டு; அதை ஏற்கிறேன். ஆனால் ஆபத்து இருந்தது என்பதையும், அது முன்பே தெரிந்திருந்தது என்பதையும் எவரும் மறுக்க இயலாது.

அப்படியானால் பார்த்தவனுக்கும் பங்கு உண்டா? இல்லை என்போர் இரண்டு வாதங்களை முன்வைப்பர். கோடிப் பேர் பார்க்கையில் என் ஒருவன் பார்வையால் என்ன விளைந்தது என்பது முதலாவது. இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில், 'நான் கொல்லவில்லை, விலைக்குத்தானே வாங்கினேன்' என்பவனை விடுவிப்பதில்லை. வாங்குபவனின் விருப்பமே கொல்பவனின் கையில் கத்தியாகிறது என்பது அவ்வாதத்தின் சாரம். கோடிப் பேரால் வகுத்தால் பங்கு சிறிதாகலாம், இல்லாது போகாது. எங்கள் அலுவலகக் கணக்கிலும் பைசாவை முழுமையாக்கிச் சுருக்க விதி உண்டு. மனச்சான்றின் கணக்கில் அவ்விதி செல்லுமென்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது வாதமே வலுவானது. ஆடு தானே வெட்டுமேடைக்கு வருவதில்லை. அலி தாமே வந்தார். தம் உடலை என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அவரை ஏதுமறியாத பலியாடாக நினைத்து இரங்குவது அவருடைய ஆண்மைக்கே இழுக்கு என்பர். அரசாங்கம் முழுவதும் எதிர்த்து நின்றபோதும் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்தவரல்லவா அவர்? இதற்கு விடைகாண எனக்கு நெடுநாள் ஆயிற்று. அவருடைய பிற்காலப் போட்டிகளின் பதிவுகளைப் பார்த்தபோது தோன்றியது இது: அரசுக்கு 'மாட்டேன்' என்று சொன்னவரால் நமக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. சிறைக்கு அஞ்சாதவர், கரவொலி நின்றுபோகும் நாளுக்கு அஞ்சினார். பகைவர் கேட்டால் மறுக்கலாம். அன்பர் கேட்டால் எப்படி மறுப்பது? பணத்தேவையும் தன்முனைப்பும் அவரை உந்தின என்பது மெய்தான். எனினும் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களும் அந்தத் தன்முனைப்பை ஊட்டி வளர்த்தவர்களும் யார்?

அங்ஙனமாயின் இவ்விளையாட்டையே ஒழித்துவிடலாமா என்று கேட்கலாம். சுவீடன் 1970-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்து, பின்னர் 2007-இல் ஓரளவு தளர்த்தியது. 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ போட்டியில் பட்ட அடியால் இறந்தபின், உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து படிப்படியாக 12 ஆகக் குறைந்தன. பார்ப்பவர்கள் மனம் நொந்தால் விதிகள் மாறும் என்பதற்கு அது சான்று. தடை பற்றி எனக்கு முடிந்த முடிபு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், மேரி கோமின் படத்தை அறையில் ஒட்டிவைத்திருந்த தம் மகளைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று சக ஊழியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சிக் கூடத்துக்குச் சென்று ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் தலையில் அடிபட்டால் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 'போதும்' என்று சொல்லும் பிள்ளையை அவர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள் என்றேன். அவர் சென்று பார்த்தார். மகள் இன்றும் பயில்கிறாள். தந்தையும் தவறாமல் போட்டிகளுக்குப் போகிறார். கைதட்டுவதற்கு மட்டும் அவர் போவதில்லை என்று நினைக்கிறேன்.

நம்மவருக்கும் அலிக்கும் நேர்ந்த ஒரு சந்திப்பைச் சொல்ல வேண்டும். 1979-இல் அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். 1980-இன் தொடக்கத்தில் இந்தியா வந்தவர், சென்னையிலும் தங்கினார். எம்.ஜி.ஆர் அவரைச் சந்தித்தார். நேரு விளையாட்டரங்கில் அவருடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டவர் ஜிம்மி எல்லிஸ். அவரும் லூயிவில் நகரத்தவரே. அலியின் இளமைக்கால நண்பர். ஒரு காலத்தில் தாமும் உலகப் பட்டம் பெற்றிருந்தவர். அன்று அரங்கில் இருந்த நம் பெரியவர்கள் இன்றும் அதைப் பெருமையோடு கூறக் கேட்கலாம். வன்மமில்லாத, யாரையும் வீழ்த்த வேண்டியிராத ஆட்டம் அது. கூட்டம் விரும்பியதும் அவ்வளவே. அம்மேடையில் நின்ற இருவருக்கும் பின்னாளில் மூளையே முதலில் தளர்ந்தது. எல்லிஸ் நினைவிழந்து பல்லாண்டுகள் வாழ்ந்து, 2014-இல் மறைந்தார்.

ஓய்வு நீடிக்கவில்லை. அதே 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், 38 வயதில், லாஸ் வேகாசில் லாரி ஹோம்சை எதிர்த்து அலி களமிறங்கினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சித் துணைவராக இருந்தவர். திருப்பி அடிக்க இயலாமல் நின்ற தம் பழைய தலைவரை அடிக்க மனமின்றி, போட்டியை நிறுத்துமாறு அவர் நடுவரைப் பார்த்தார். பத்துச் சுற்றுகளுக்குப் பின் பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். வென்றவர் அழுதார். அத்துடனாவது முடிந்ததா எனில், இல்லை. மறு ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் பகாமாஸ் தீவின் நசாவு நகரில், டிரெவர் பெர்பிக் என்பவருடன் இன்னொரு போட்டி. ஏற்பாடுகள் அத்தனை அரைகுறை. சுற்றுகளின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க முறையான மணிகூடக் கிடைக்கவில்லை. மாட்டின் கழுத்தில் கட்டும் மணி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து அடித்தார்கள். அந்த மணியோசைக்கு எழுந்து, பத்துச் சுற்றுகளும் அலி ஆடினார்.